இராணுவ அக்கடமியில் ஒரு வருடம் எப்படி ஓடும்?

கம்பஸில் படிக்கிற பிள்ளை ஒன்றைப் பிடித்து "எப்ப முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் முதலில் வருவது ஒரு சிரிப்பு, பிறகுதான் பதில். சோதனை எடுத்தது ஒரு வருடம், உள்ளே போனது வேறொரு வருடம், கொரோனா கொஞ்சம் தின்றது, ஸ்ட்ரைக் கொஞ்சம் தின்றது, நாலு வருடப் படிப்பு ஐந்து தாண்டியும் இழுபடும். பல்கலைக்கழகம் போக எடுக்கிற ஏ.எல் (உயர்தர) சோதனைக்கே இப்போது நிரந்தரமான மாதம் கிடையாது. 2023க்குரியது 2024 ஜனவரியில் நடந்தது. 2025க்குரியது நவம்பரில் தொடங்கி, மாதக் கடைசியில் புயலும் வெள்ளமும் வந்து, மிச்சப் பாடங்கள் அடுத்த ஜனவரிக்குப் போயின. இதற்குள்ளேயே வளர்ந்தவர்களுக்குக் கல்வியாண்டு என்பது ஒரு உத்தேசக் கணக்கு, அவ்வளவுதான்.

இராணுவ அக்கடமிகளின் கல்வியாண்டு இதற்கு நேரெதிர். உள்ளே காலடி வைக்கிற நாளிலேயே வெளியே வருகிற நாள் தெரியும். அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ட் அக்கடமியில் 2020ஆம் ஆண்டுப் பட்டமளிப்பு கொரோனாவால் மே மாதத்திலிருந்து ஜூன் 13க்குத் தள்ளிப் போனது. மூன்று கிழமைதான், அதுவே அங்கே பெரிய செய்தி. எங்கள் கம்பஸ்களில் மூன்று கிழமை தள்ளிப்போவதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இராணுவ அக்கடமி என்பது சிப்பாய்களைப் பயிற்றுகிற முகாம் இல்லை, அதிகாரிகளை உருவாக்குகிற இடம். சிப்பாயாகச் சேர்கிறவர் சில மாதப் பயிற்சியோடு படைக்குப் போய்விடுவார். அதிகாரியாக வரப்போகிறவர் அக்கடமிக்குப் போய் மாதக் கணக்கிலோ வருடக் கணக்கிலோ இருந்து, கடைசியில் இரண்டாம் லெப்டினன்டாகவோ கடற்படை, விமானப்படையில் அதற்குச் சமமான பதவியிலோ வெளியே வருவார். உள்ளே இருக்கும்வரை அவர் பெயர் பயிலிளவல் அதிகாரி, பேச்சில் கெடெட். எங்கள் பக்கத்தில் இராணுவம் என்றால் சென்றியும் செக்கிங்கும்தான் முதலில் ஞாபகம் வரும், அதற்குக் காரணமும் இருக்கிறது, அதனால் இந்த உள்விவகாரங்களை யாரும் உட்கார்ந்து கதைத்ததில்லை. இது ஆள் சேர்க்கிற விளம்பரமும் இல்லை. ஏ.எல் முடித்த பிள்ளைகள் கேட்கிறார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

அக்கடமிகளில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பட்டப்படிப்பையும் இராணுவப் பயிற்சியையும் சேர்த்தே கொடுப்பது: வெஸ்ட் பொயின்ட், இந்தியாவில் கடக்வாஸ்லாவில் இருக்கிற தேசியப் பாதுகாப்பு அக்கடமி, எங்கள் நாட்டில் இரத்மலானையில் இருக்கிற கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம். மற்றது, பெரும்பாலும் பட்டம் முடித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுப்பது, அதற்கு உதாரணம் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட். முதல் வகையில் வருடம் பல்கலைக்கழக வருடம் போலத் தெரியும், ஆனால் அப்படி ஓடாது. இரண்டாவதில் வருடம் என்ற கணக்கே இல்லை, கிழமைக் கணக்குத்தான்.

இரண்டுக்கும் பொதுவானது ஒன்று இருக்கிறது, இதை விளங்கினால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும். சாதாரண கம்பஸில் நாட்காட்டி முன்னுக்குப் போகும்: வகுப்புத் தொடங்கும், பாடம் முடியும், சோதனை வரும், றிசல்ட் வரும், எப்போது முடிகிறதோ அப்போது பட்டம். அக்கடமியில் நாட்காட்டியைப் பின்னாலிருந்து எழுதுகிறார்கள். அதிகாரியாக நியமனம் கொடுக்கிற நாளை முதலில் குறித்துவிடுவார்கள். அந்த நாளில் இத்தனை பேர் வேண்டும் என்று படைப்பிரிவுகள் காத்துக்கொண்டிருக்கின்றன, அவர்கள் விட்டுப்போகிற கட்டிலில் படுக்கப் புது ஆட்கள் சில கிழமைகளில் வரப்போகிறார்கள். ஒரே திகதியில் நியமனம் பெற்றவர்கள் ஒரு வரிசை, அடுத்த திகதியில் பெற்றவர்கள் அவர்களுக்கு இளையவர்கள், இந்த மூப்பு வேலை வாழ்க்கை முழுக்கக் கூடவே வரும். ஆகவே அந்தத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, எது எந்தக் கிழமையில் முடிய வேண்டும் என்று போட்டுக்கொண்டே வருவார்கள்.

மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்களுக்கு இது புதிசில்லை. போகம் தொடங்க முன்னமே கூட்டம் போட்டுத் திகதி குறிக்கிறார்கள், தண்ணீர் திறக்கிற நாள், விதைப்பு முடிக்க வேண்டிய நாள், தண்ணீர் பூட்டுகிற நாள். உங்கள் வீட்டில் கலியாணமா, உழவு மெஷின் பழுதா என்று வாய்க்கால் கேட்காது. பிந்தி விதைத்தவனுக்குக் கதிர் பால்பிடிக்கிற நேரம் தண்ணீர் இராது. அக்கடமியிலும் "ஒரு கிழமை பிந்தி வந்து சேரலாமா?" என்ற கேள்விக்கே இடமில்லை.

சரி, ஒரு வருடத்தை முழுதாகப் பார்ப்போம். வெஸ்ட் பொயின்டையே எடுக்கிறேன், ஏனென்றால் 1802இலிருந்து நடக்கிற இடம், ஒவ்வொரு சடங்குக்கும் ஒரு பெயரும் கதையும் இருக்கிறது. நியூயோர்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது. நாலாயிரத்துச் சொச்சம் கெடெட்டுகள், நாலு வருடப் படிப்பு. ஆனால் அங்கே நாலு வருடம் என்று சொல்ல மாட்டார்கள், 47 மாதம் என்றுதான் கணக்கு. ஜூன் கடைசியில் அல்லது ஜூலைத் தொடக்கத்தில் உள்ளே போகிறவர் நாலாவது மே மாதக் கடைசியில் வெளியே வருகிறார்.

உள்ளே போகிற அந்த முதல் நாள்தான் புதுவருடப் பிறப்பு. காலையில் தாய் தகப்பனோடு வருவார்கள். ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து நாலு வார்த்தை பேசிவிட்டு, விடைபெற ஒன்றிரண்டு நிமிடம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். பிள்ளை ஒரு கதவால், பெற்றோர் வேறு கதவால். அதற்குப் பிறகு முடிவெட்டு, ஊசி, உடுப்பு, சப்பாத்து, எப்படி நிற்பது, எப்படிச் சல்யூட் அடிப்பது. இடுப்பில் சிவப்புப் பட்டி கட்டிய ஒரு மூத்த கெடெட் நிற்பார். அவருக்கு முன்னால் தரையில் ஒரு கோடு. கோட்டை மிதிக்கவும் கூடாது, தாண்டவும் கூடாது, சரியாக அதுவரை வந்து நின்று, சொல்லிக்கொடுத்த வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லி ஆஜராக வேண்டும். பிசகினால் திரும்பவும் முதலிலிருந்து. பின்னேரம் அதே பிள்ளைகள் சீருடையில் வரிசையாக வந்து சத்தியப் பிரமாணம் எடுப்பார்கள், பெற்றோர் தூரத்திலிருந்து பார்த்து எது தங்களுடையது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். மொட்டை அடித்த பிறகு எல்லாத் தலையும் ஒன்றுதானே.

அடுத்த ஆறு கிழமை அளவில் அடிப்படைப் பயிற்சி. இதற்கு மிருகம் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், அது சும்மா வந்ததில்லை. இதில் கவனிக்க வேண்டியது யார் பயிற்றுகிறார்கள் என்பது. அதிகாரிகள் மேற்பார்வைக்கு இருப்பார்கள், ஆனால் நாளுக்கு நாள் நடத்துகிறவர்கள் மூன்றாம், நாலாம் வருட மாணவர்கள். புதியவருக்கு அது கீழ்ப்படியப் பழகுகிற பருவம், மூத்தவருக்கு அது கட்டளையிடப் பழகுகிற பாடம், அவருக்கு அதற்கு மதிப்பீடும் உண்டு. கடைசியில் முகாமிலிருந்து அக்கடமிக்கு ஏறக்குறைய 19 கிலோமீட்டர் சுமையோடு நடந்து திரும்புவார்கள். ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு அணிவகுப்போடு, அதுவரை புதிய கெடெட்டாக இருந்தவர்கள் கெடெட் படையில் ஏற்றுக்கொள்ளப்படுகிறார்கள். பாருங்கள், இன்னும் ஒரு வகுப்புக்கூடத் தொடங்கவில்லை.

வகுப்பு ஓகஸ்டில் தொடங்கி டிசம்பர் வரை ஒரு செமஸ்டர், ஜனவரியிலிருந்து மே வரை அடுத்தது. கணிதம், இரசாயனம், வரலாறு, ஆங்கிலம், கணினி, எல்லாரும் எடுக்கவேண்டிய பொதுப் பாடங்கள் நிறைய, பிறகு விரும்பிய துறை. வகுப்புகள் சிறியவை, பதினெட்டுப் பேர் அளவில்தான். பாடத்தை முதல் நாளே படித்துக்கொண்டு வரவேண்டும், வகுப்பில் நடப்பது விளங்கப்படுத்தல் இல்லை, விசாரணை. 1817இலிருந்து 1833 வரை அக்கடமியை நடத்திய சில்வேனஸ் தேயர் கொண்டுவந்த முறை இது, இன்றைக்கும் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். எங்கள் டியூஷன் வகுப்புகளில் இருநூறு பேருக்கு மைக் பிடித்துப் படிப்பிக்கிறதோடு இதை ஒப்பிடவே வேண்டாம்.

நாள் எப்படி ஓடும் என்றால், விடிய ஆறரைக்குள் எழும்பி, ஏழுக்கு முன் வரிசையில் நின்று, சாப்பிட்டு, வகுப்பு. மதியம் அத்தனை பேரும் ஒரே மண்டபத்தில் ஒரே நேரத்தில் சாப்பிட்டு எழும்ப வேண்டும், அதற்கு அரை மணித்தியாலமும் இல்லை. பின்னேரம் விளையாட்டு, அதுவும் விரும்பினால் இல்லை, எல்லாருக்கும் கட்டாயம். இரவு படிப்பு. சனி, ஞாயிறு என்றால் சும்மா என்று நினைக்க வேண்டாம், அணிவகுப்பு, அறைச் சோதனை எல்லாம் அதற்குள்தான் வரும். ஒழுங்கு மீறியவர்கள் அந்த நேரத்தில் முற்றத்தில் துப்பாக்கியோடு மணிக் கணக்காக மேலும் கீழும் நடந்து தண்டனையைக் கழிப்பார்கள். முதல் வருடத்தில் வெளியே போக அனுமதி மிகக் குறைவு, வருடம் ஏற ஏறக் கயிறு நீளும்.

இந்த இடத்தின் கல்வியாண்டை ஒரே காட்சியில் காட்டச் சொன்னால் நான் முதல் வருடக்காரரின் ஒரு கடமையைத்தான் காட்டுவேன். அவர்கள் நாட்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மூத்தவர் ஒருவர் நடைபாதையில் மறித்து "நாட்கள்!" என்றால், நின்ற நிலையில், கடற்படை அக்கடமியோடு நடக்கிற அமெரிக்கன் ஃபுட்போல் போட்டிக்கு இத்தனை நாள், கிறிஸ்மஸ் லீவுக்கு இத்தனை நாள், பட்டமளிப்புக்கு இத்தனை நாள் என்று மடமடவென்று ஒப்பிக்க வேண்டும், அன்றைய நாளில் மிச்சமிருக்கிற துண்டுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், அதையும் சேர்த்து. வரிசையில் நிற்கிற நேரம் நெருங்கும்போது ஒருவர் மண்டபத்தில் நின்று இன்னும் பத்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம், இன்றைய உடுப்பு இது என்று கத்த வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பட்டமளிப்பு இன்னும் நாலு வருடத்தில், ஆனால் அவன் எண்ணுவது தன்னுடைய பட்டமளிப்பை இல்லை, தன்னை மறித்து நிற்கிற மூத்தவரின் பட்டமளிப்பை.

வருடத்தின் மேடு பள்ளங்களும் அந்த எண்ணிக்கையிலேயே இருக்கின்றன. டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை, 1890இல் தொடங்கிய கடற்படைப் போட்டி. அது முடியச் செமஸ்டர் சோதனை, பிறகு கிறிஸ்மஸ் லீவு. ஜனவரியில் திரும்பி வந்தால் பனி, நரைத்த வானம், நரைத்த கட்டடம், நரைத்த சீருடை, பெப்ரவரி தாண்டும்வரை மனம் இருண்டு கிடக்கிற அந்தக் காலத்துக்கே அவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசி வருடத்தவர்கள் பட்டமளிப்புக்கு நூறு நாள் இருக்கிற இரவை நாடகமும் கூத்துமாகக் கொண்டாடுவார்கள். மார்ச்சில் ஒரு கிழமை லீவு. மே மாதம் சோதனை, மே கடைசியில் தொப்பியை வானத்தில் எறிகிற அந்தப் படம், அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தொப்பி கீழே விழுந்ததும் எங்கள் கணக்குப்படி நீண்ட விடுமுறை. இங்கேதான் வெளியாட்கள் பிழையாக விளங்குவது. ஜூன், ஜூலை என்பது அங்கே லீவு இல்லை, கல்வியாண்டின் மூன்றாவது துண்டு. முதல் வருடம் முடித்தவர்கள் காட்டுக்குள் முகாம் போட்டுக் களப் பயிற்சி எடுப்பார்கள். இரண்டாம், மூன்றாம் வருடம் முடித்தவர்கள் சிலர் பரசூட் குதிப்புக்குப் போவார்கள், சிலர் உண்மையான படைப்பிரிவுக்குப் போய் ஒரு இளம் அதிகாரிக்குப் பின்னால் நடந்து வேலை பழகுவார்கள், சிலர் புதிதாக வந்த தலைகளுக்கு மொட்டை அடிக்கிற இடத்தில் சிவப்புப் பட்டியோடு நிற்பார்கள். வீட்டுக்குப் போகக் கிடைப்பது அதில் மூன்று நாலு கிழமை. பாடத்தில் தவறியவருக்கு அதுவும் போகும், அந்த நாட்களில் அக்கடமியிலேயே இருந்து கோடைகால வகுப்பில் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். நிலைமை மோசமென்றால் கீழ் வகுப்போடு சேர்த்துவிடுவார்கள், இன்னும் மோசமென்றால் வீட்டுக்கு.

நாலு வருடமும் ஒரே மாதிரி இல்லை. முதல் வருடம் வாய் திறக்காமல் கேட்பது, உடுப்பு மூட்டை காவுவது, மற்றவர்களுக்காக ஓடுவது. இரண்டாம் வருடத்தில் ஒரு முதல் வருடக்காரரைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு. மூன்றாம் வருடத்தில் சிறு குழு. நாலாம் வருடத்தில் கொம்பனிகளையும் முழுப் படையையும் மாணவர்களே நடத்துவார்கள். மூன்றாம் வருட வகுப்பு தொடங்குவதற்கு முந்திய மாலை ஒரு சத்தியம் எடுப்பார்கள், என்னைக் கேட்டால் நாலு வருடத்திலும் பெரிய நாள் அதுதான், பட்டமளிப்பு இல்லை. அதுவரை "எனக்கு இது சரிவராது" என்று எழுந்து போகலாம், கடன் ஏதும் இல்லை. அந்த மாலைக்குப் பிறகு போனால், கொடுத்த படிப்புக்கு ஒன்றில் படையில் வேலை செய்து தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் காசாகக் கட்ட வேண்டும். முடித்து வெளியே வந்தவருக்கு ஐந்து வருடச் சேவை கட்டாயம், அதற்குப் பிறகு மூன்று வருடம் சேமப்படையில். படிப்புச் செலவு முழுக்க அரசாங்கத்துடையது, மாதம் கொஞ்சம் கைக்காசும் உண்டு. சும்மா கிடைக்கிற படிப்பு இல்லை என்பதைத்தான் அந்த மாலை சொல்லுகிறது.

புள்ளி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தரவரிசையில் பாதிக்கு மேல் படிப்பு, மிச்சம் இராணுவத் தலைமைக்கும் உடற்தகுதிக்கும். கணிதத்தில் நூறு எடுத்தாலும் ஓட முடியாவிட்டால் மேலே வர முடியாது. எந்தப் படைப்பிரிவு கிடைக்கும் என்பதிலும் இந்த வரிசைக்குப் பங்கு இருக்கிறது.

இனி, இதை வாசிக்கிறவர்கள் மனதில் இருக்கிற கேள்விக்கு வருவோம்: மூத்தவர் மறித்து ஒப்பிக்கச் சொல்வது பகிடிவதைதானே? எங்களுக்கு இது லேசான விஷயம் இல்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது, அதற்குப் பிறகும் எத்தனை பிள்ளைகள் கம்பஸை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அக்கடமிக்காரர் சொல்கிற பதில், கம்பஸில் மூத்தவர் செய்வது யாரும் கேட்காத காட்டு அதிகாரம், இங்கே மூத்தவர் எதைச் சொல்லலாம், எதைச் செய்யக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது, அவருக்கு மேலே அதிகாரி இருக்கிறார், பிழைத்தால் அவருடைய வேலையே போகும் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த எழுத்து தானாக வந்ததில்லை. 1898இல் வெஸ்ட் பொயின்டில் சேர்ந்து சில மாதத்தில் விட்டுப்போன ஒஸ்கார் பூஸ் என்ற இளைஞர் 1900 டிசம்பரில் காசநோயால் இறந்தார். அக்கடமியில் மூத்தவர்கள் மிளகாய்ச் சோஸைக் குடிக்க வைத்து அடித்துத் துன்புறுத்தியதுதான் காரணம் என்று குடும்பம் குற்றம் சாட்ட, விஷயம் அமெரிக்கக் காங்கிரஸ் வரை போனது. அந்த விசாரணையில் சாட்சி சொன்ன கெடெட்டுகளில் ஒருவர் டக்ளஸ் மக்ஆர்தர், பிறகு இரண்டாம் உலகப் போரில் பெரிய தளபதியானவர். அவரே 1919இல் அக்கடமிக்குத் தலைவராக வந்தபோது புதியவர்களின் அடிப்படைப் பயிற்சியை மூத்த மாணவர் கையிலிருந்து எடுத்து அதிகாரிகளிடம் கொடுத்தார். அவர் போன பிறகு அது திரும்பவும் மாணவர் கைக்கே வந்தது. ஆகவே வித்தியாசம் இருக்கிறது என்பது என் எண்ணம், ஆனால் எழுத்து இருக்கிறது என்பதற்காக எல்லாம் சரி என்று நம்புகிற ஆள் நானில்லை. ஒன்றைச் சொல்ல வேண்டும்: அங்கே அதற்கும் ஒரு முடிவுநாள் உண்டு. முதல் வருடக் கடைசியில் ஒருநாள் மூத்தவர்கள் வரிசையாக வந்து கைகொடுத்து, அதுவரை குடும்பப்பெயரால் அதட்டிய பிள்ளையிடம் தங்கள் முதற்பெயரைச் சொல்லி அறிமுகமாவார்கள்.

மற்ற இடங்களில் வருடம் வேறு மாதிரி வெட்டப்படுகிறது. சாண்ட்ஹர்ஸ்டில் மொத்தமே 44 கிழமைதான், ஒவ்வொன்றும் பதினாலு கிழமை அளவில் மூன்று தவணை. ஜனவரி, மே, செப்டெம்பர் என்று வருடத்தில் மூன்று தரம் புது ஆட்கள் வருவார்கள், எல்லார் கையிலும் பெட்டியோடு ஒரு அயன் பண்ணுகிற மேசை, அதைத் தூக்கிக்கொண்டு வருகிற படம் ஒவ்வொரு தடவையும் பத்திரிகையில் வரும். முதல் ஐந்து கிழமை வெளியே போக முடியாது. அந்த மேசை எதற்கு என்று அப்போது விளங்கும். ஒவ்வொரு தவணை முடிவிலும் ஒரு பெரிய அணிவகுப்பு, கடைசியில் ஒரு அதிகாரி வெள்ளைக் குதிரையில் இருந்தபடியே பழைய கட்டடத்தின் படிகளில் ஏறி உள்ளே போவார்.

இந்தியாவின் தேசியப் பாதுகாப்பு அக்கடமி 1949இல் டேராடூனில் தொடங்கி, பிறகு புனேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவுக்குப் போனது. மூன்று வருடம், ஆனால் ஆறு தவணை என்றுதான் எண்ணுவார்கள். நுழைவுப் பரீட்சை வருடத்தில் இரண்டு தரம், அதனால் உள்ளே வருவதும் இரண்டு தரம், வெளியேறுவதும் மே, நவம்பர் என்று இரண்டு தரம். 2022இலிருந்து பெண்களும் சேர்கிறார்கள், அவர்களின் முதல் அணி, 17 பேர், 2025 மே மாதம் வெளியேறியது. தரைப்படைக்குப் போகிறவர்கள் அங்கிருந்து டேராடூனில் இருக்கிற இந்திய இராணுவ அக்கடமிக்கு இன்னொரு வருடம். டேராடூனில் எங்கள் நாட்டுக் கெடெட்டுகளும் பயில்வதுண்டு. 2025 ஜூனில் அங்கே அணிவகுப்பு மரியாதையை ஏற்றவரே இலங்கை இராணுவத் தளபதி லசந்த ரொட்றிகோ, 1990இல் அதே இடத்திலிருந்து வெளியேறியவர்.

வருடத்துக்கு எத்தனை தரம் ஆள் எடுக்கிறார்கள் என்பது ஏதோ நிர்வாக விஷயம் போலத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கிறவருக்கு அதுதான் உயிர். தவறினால் எவ்வளவு பின்னுக்குப் போவீர்கள் என்பதை அது தீர்மானிக்கிறது. கடக்வாஸ்லாவில் ஒரு தவணை கீழே இறக்கினால் ஆறு மாதம் போகும், சாண்ட்ஹர்ஸ்டில் நாலு மாதம் அளவில், வெஸ்ட் பொயின்டில் கீழ் வகுப்போடு சேர்த்தால் ஒரு முழு வருடம். காலம் மட்டும் போவதில்லை. நேற்றுவரை உங்களுக்கு இளையவர்களாக இருந்தவர்கள் இன்றைக்கு உங்கள் வகுப்பு, நேற்றைய நண்பர்கள் இனி வேலைக்காலம் முழுக்க உங்களுக்கு மூத்தவர்கள்.

எங்கள் நாட்டுக்கு வருவோம். இரத்மலானையில் இருக்கிற ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம், சுருக்கமாகக் கேடியூ, முன்னாள் பிரதமர் கொத்தலாவல கொடுத்த கந்தவல தோட்டத்தில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, அதாவது இன்றைய கிழக்குப் பல்கலைக்கழகம், தொடங்கியதும் அதே 1981இல்தான். கேடியூவில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு இலக்கம் உண்டு, யாராவது கேடியூக்காரரோடு கதைத்தால் எந்த வருடம் என்று சொல்ல மாட்டார், எத்தனையாவது இன்டேக் என்றுதான் சொல்லுவார். கெடெட்டுகளுக்குப் படிப்பு இலவசம், கொடுப்பனவும் உண்டு, பதிலுக்குச் சேவை ஒப்பந்தம். பட்டம் முடிந்ததும் கடைசிக் கட்டப் பயிற்சிக்கு அந்தந்தப் படையின் அக்கடமிக்குப் போவார்கள். தரைப்படை தியத்தலாவைக்கு, கடற்படை திருகோணமலைக்கு, விமானப்படை சீனக்குடாவுக்கு. மூன்றில் இரண்டு எங்கள் கிழக்கு மாகாணத்திலேயே இருக்கின்றன, மற்றதுக்கும் செங்கலடியில் தொடங்குகிற பதுளை வீதியைப் பிடித்தால் போய்விடலாம். தியத்தலாவை இராணுவ நகரமாக இருப்பது நேற்று இன்று இல்லை. 1900இல் ஆங்கிலேயர் தென்னாபிரிக்காவில் பிடித்த போயர் கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து அடைத்து வைத்ததும் அந்தக் குளிர் மலையில்தான்.

கேடியூவில் இன்னொரு கூட்டமும் படிக்கிறது, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பது அதைப் பற்றித்தான். காசு கட்டிப் படிக்கிற பகல்நேர மாணவர்கள். சீருடைப் படையில் சேர்வதில்லை, சேவை ஒப்பந்தமும் இல்லை, வகுப்பு முடிந்தால் வீட்டுக்கோ விடுதிக்கோ போகலாம். ஆனால் வருடத்தின் ஓட்டம் கெடெட்டுகளுடையதோடு கட்டியிருப்பதால் அவர்களுக்கும் திகதி பெரிதாக இழுபடாது. காசு கொடுத்துப் படிக்கிற பெற்றோர் சிலர் சொல்கிற முதல் காரணமே அதுதான், பிள்ளை இருபத்திமூன்று இருபத்திநாலு வயதில் முடித்துவிடும் என்று. எனக்கு அதில் கொஞ்சம் மனக்கசப்பு இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் சொன்ன திகதியில் முடிப்பதற்கு அது படையோடு கட்டியிருக்க வேண்டும் என்றோ, தகப்பன் காணியை ஈடுவைக்க வேண்டும் என்றோ ஆகிவிட்டது.

கெடெட்டாகப் போக யோசிக்கிற பிள்ளைகளுக்குக் கடைசியாக நடைமுறை விஷயம். படிப்பு ஆங்கிலத்தில். ஏ.எல் பெறுபேறு மட்டும் காணாது, நேர்முகப் பரீட்சை, வைத்தியப் பரிசோதனை, உயரம், நிறை எல்லாம் பார்ப்பார்கள், திருமணம் முடித்திருக்கக் கூடாது. விளம்பரம் வெளியாகி விண்ணப்பம் மூடுகிற நாள்வரை அதிக காலம் தருவதில்லை, பிந்திப் போனால் அடுத்த இன்டேக்தான். வயதெல்லை என்பது அந்த விளம்பரத்தில் போட்டிருக்கிற திகதிக்கு எண்ணுவது, நீங்கள் சோதனை எடுத்த நாளுக்கோ றிசல்ட் வந்த நாளுக்கோ இல்லை. ஏ.எல் இப்படி மாதம் மாறி மாறி நடக்கிற காலத்தில், மூன்றாம் தரமும் எடுத்துப் பார்ப்போம் என்று இருக்கிறவர்கள் முதலில் வாசிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.